பவர்சேவ் போட்டும் ப்ராசசர் 3.4 கிகாஹெர்ட்ஸ் வரை போகிறது: லேப்டாப்பில் வேகத்தை எப்படிக் கட்டுப்படுத்துவது?

நெய்தல்27:

வணக்கம். இன்டெல் கோர் ஐ5-8250யு உள்ள லேப்டாப், உபுண்டு 24.04. பேட்டரியில் ஓடும்போது கோடு கம்பைல் செய்தால் ஃபேன் இரைகிறது, சார்ஜும் மளமளவென்று இறங்குகிறது. சிபியுபவர் கட்டளையில், வேகத்தை நிர்வகிக்கும் விதியான கவர்னரை 'பவர்சேவ்' என்று மாற்றினேன். அதற்குப் பிறகும் கம்பைல் தொடங்கியதும் வேகம் 3.4 கிகாஹெர்ட்ஸைத் தொடுகிறது. பவர்சேவ் என்றால் மிகக் குறைந்த வேகத்திலேயே நிற்க வேண்டும் என்றுதான் படித்திருக்கிறேன்.

கேட்க விரும்புவது மூன்று. கவர்னர் வேலை செய்யவில்லையா? 800 மெகாஹெர்ட்ஸில் பூட்டிவிட்டால் பேட்டரி கூடுதல் நேரம் வருமா? சார்ஜர் செருகியிருக்கும்போது முழு வேகம், பேட்டரியில் மட்டும் அளவான வேகம் என்று நிரந்தரமாக அமைப்பது எப்படி? இதே மெஷினில் விண்டோஸ் 10-உம் இருக்கிறது, அதற்கும் வழி தெரிந்தால் சொல்லுங்கள்.

ஓம்விதி:

கவர்னர் சரியாகத்தான் வேலை செய்கிறது. நீங்கள் படித்தது வேறு டிரைவருக்கான விளக்கம்.

முதலில் சிபியுபவர் ஃப்ரீக்வென்சி-இன்ஃபோ என்று கொடுத்து 'டிரைவர்' வரியைப் பாருங்கள். உங்கள் ப்ராசசருக்கு அங்கே இன்டெல்_பிஸ்டேட் என்று இருக்கும். பழைய ஏசிபிஐ-சிபியுஃப்ரெக் டிரைவரில் பவர்சேவ் என்றால் உண்மையிலேயே அடிமட்ட வேகத்தில் பூட்டு. இன்டெல்_பிஸ்டேட் ஆக்டிவ் நிலையில் ஓடும்போது கிடைப்பது பெர்ஃபார்மன்ஸ், பவர்சேவ் என்ற இரண்டே கவர்னர்கள். இங்கே பவர்சேவ் என்பது சுமைக்கேற்ப ஏறி இறங்கும் சாதாரண நிலை. பெயர் ஒன்று, நடத்தை வேறு.

இன்னொன்றும் உண்டு. 2015-இல் வந்த ஸ்கைலேக் தலைமுறையிலிருந்து, எந்த நொடியில் எந்த வேகம் என்பதை பெரும்பாலும் ப்ராசசரே முடிவு செய்கிறது. இதைத்தான் ஸ்பீட் ஷிஃப்ட் என்கிறார்கள், லினக்ஸில் ஹெச்டபிள்யூபி என்று பார்ப்பீர்கள். லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் தருவது கீழ் எல்லை, மேல் எல்லை, அப்புறம் 'எனக்கு வேகம் முக்கியமா, சிக்கனம் முக்கியமா' என்ற விருப்ப அளவு. அந்த விருப்ப அளவின் பெயர் ஈபிபி. அதற்கு 0 முதல் 255 வரை மதிப்பு. 0 என்றால் முழுக்க வேகம், 255 என்றால் முழுக்க சிக்கனம். கோப்பில் எண்ணுக்குப் பதிலாக பெர்ஃபார்மன்ஸ், பேலன்ஸ்_பெர்ஃபார்மன்ஸ், பேலன்ஸ்_பவர், பவர் என்ற சொற்களையும் எழுதலாம்.

ஆகவே நீங்கள் தொட வேண்டிய இடங்கள் ஈபிபியும் மேல் எல்லையும். கவர்னர் பவர்சேவ் ஆகவே இருக்கட்டும். அதை பெர்ஃபார்மன்ஸ் ஆக்கினால் ஈபிபி 0-வில் நின்றுவிடும். அப்போது வேறு மதிப்பு எழுதப் போனால் 'டிவைஸ் ஆர் ரிசோர்ஸ் பிஸி' என்ற பிழை வரும். இந்தப் பிழையைப் பார்த்து கர்னலில் கோளாறு என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். கவர்னரைத் திருப்பினால் அடுத்த நொடியே எழுதலாம்.

800 மெகாஹெர்ட்ஸ் பூட்டு வேண்டாம். காரணம் கணக்கில் இருக்கிறது.

ப்ராசசரின் இயங்கு மின்சக்தி, மின்னழுத்தத்தின் இருமடிக்கும் அதிர்வெண்ணுக்கும் நேர்விகிதம். வேகத்தைக் கூட்டினால் மின்னழுத்தத்தையும் கூட்டியாக வேண்டும். அதனால்தான் உச்சியில் கடைசி சில நூறு மெகாஹெர்ட்ஸ் இவ்வளவு விலை பிடிக்கிறது. கணக்குக்காக 3.4 கிகாஹெர்ட்ஸில் 1.1 வோல்ட், 20 வாட் என்று வைத்துக்கொள்வோம். 2.4-இல் 0.85 வோல்ட் போதும் என்றால் வேகம் 71 சதவீதமாகக் குறைகிறது, சக்தியோ 42 சதவீதமாக, அதாவது 8.4 வாட்டாக இறங்குகிறது. 0.8 கிகாஹெர்ட்ஸுக்குப் போனால் மின்னழுத்தம் 0.65 வோல்ட் போல ஓரிடத்தில் தட்டி நின்றுவிடும், அதற்குக் கீழே இறங்காது. அங்கே 1.6 வாட்.

இப்போது 3.4-இல் 100 விநாடி பிடிக்கும் வேலையைப் பாருங்கள். திரை, எஸ்எஸ்டி, வைஃபை, ரேம் எல்லாம் சேர்ந்து 5 வாட் என்றால், 3.4-இல் மொத்தம் 2500 ஜூல். 2.4-இல் 142 விநாடி, சுமார் 1900 ஜூல். 0.8-இல் 425 விநாடி, சுமார் 2820 ஜூல். 0.8-இல் பூட்டினால் முழு வேகத்தைவிட அதிகம் செலவாகிறது, வேலையும் நாலு மடங்கு தாமதம். லாபம் நடுவில்தான் இருக்கிறது.

கர்னல்காடு:

ஓம்விதி சொன்னதில ஒரு இடத்துல மறுப்பு இருக்கு. திரையோட மின்சாரத்தைக் கம்பைல் கணக்குல சேர்க்கக் கூடாது. கம்பைல் முடிஞ்சாலும் ஆள் லேப்டாப் முன்னாடிதான் உட்கார்ந்திருப்பார், திரை எரிஞ்சுக்கிட்டுதான் இருக்கும். வேலை முடிஞ்சதும் எது தூங்கப் போகுதோ அதை மட்டும்தான் எண்ணணும். அதாவது ப்ராசசருக்குள்ள இருக்கிற கேஷ், மெமரி கன்ட்ரோலர், வோல்டேஜ் ரெகுலேட்டர் இழப்பு, ரேமோட ஒரு பங்கு.

அதை 2 வாட்னு வைங்க. அவர் கொடுத்த அதே எண்கள்ல 3.4-க்கு 2200 ஜூல், 2.4-க்கு 1480 கிட்ட, 0.8-க்கு 1550 கிட்ட. இப்ப 0.8 முழு வேகத்தைவிட நல்லாவே மேல. ஆனா நடுவுல இருக்கிற 2.4-ஐ அது இன்னும் தாண்டல. முடிவு அதேதான், வித்தியாசம் மட்டும் சின்னது. ஆளே இல்லாம ராத்திரி ஓடுற வேலைக்கு, திரை அணைஞ்சு கிடக்கிற மெஷினுக்கு, ஓம்விதி கணக்கு பொருந்தும். அங்க வேலை முடிஞ்சா மொத்த மெஷினும் சஸ்பெண்டுக்குப் போயிடும்.

இன்னொரு விஷயம், சும்மா இருக்கும்போது வேகத்தைக் குறைக்கிறதால கிடைக்கிறது கிட்டத்தட்ட ஒண்ணுமில்ல. கோர் சி6 மாதிரி ஆழ்ந்த உறக்க நிலைக்குப் போனா க்ளாக்கே நின்னுடும், மின்சாரமும் துண்டிக்கப்படும். அப்ப அது 400-ல இருந்துச்சா 3400-ல இருந்துச்சாங்கிறதுக்கு அர்த்தமே இல்ல. சும்மா இருக்கும்போது பேட்டரி இறங்குதுன்னா மின்செலவைக் காட்டுற பவர்டாப் நிரலை ஓட்டி, யார் அடிக்கடி எழுப்புறாங்கன்னு பாருங்க. பிரவுசர் டேப்தான் பெரும்பாலும் மாட்டும். பவர்டாப்ல ஆட்டோ-ட்யூன் மட்டும் கண்ணை மூடிக்கிட்டுப் போடாதீங்க, யூஎஸ்பி மவுஸ் ரெண்டு விநாடி சும்மா இருந்தாலே தூங்கிப்போகும்.

அளக்கிறதுக்கு டர்போஸ்டாட் போதும், ரூட் அனுமதி வேணும். அதுல 'பிஸி மெகாஹெர்ட்ஸ்'னு ஒரு நெடுவரிசை, 'ஆவரேஜ் மெகாஹெர்ட்ஸ்'னு இன்னொண்ணு. முதலாவது கோர் விழிச்சிருந்த நேரத்துல ஓடின வேகம். ரெண்டாவது தூங்கின நேரத்தையும் சேர்த்த சராசரி. ஆவரேஜ் 90-னு காட்டுது, ப்ராசசர் 90 மெகாஹெர்ட்ஸ்ல ஓடுதுன்னு யாரும் பதற வேண்டாம். பக்கத்துல 'பிகேஜி வாட்'தான் உங்களுக்கு வேண்டிய எண். ப்ராக் அடைவுல சிபியுஇன்ஃபோ கோப்பைத் திரும்பத் திரும்பப் படிச்சு வேகம் பார்க்கிறதை நம்பாதீங்க. படிக்கிற செயலே கோரை எழுப்பி வேகத்தை ஏத்திடும்.

ஓம்விதி:

திரை பற்றிய திருத்தம் சரிதான், ஏற்றுக்கொள்கிறேன். உட்கார்ந்து பயன்படுத்தும் லேப்டாப்புக்கு 2 வாட் கணக்குதான் பொருத்தம்.

நெய்தல்27, உங்கள் மெஷினுக்கு எது நடுப்புள்ளி என்பதை எங்கள் உத்தேச எண்களை வைத்து முடிவு செய்யாதீர்கள், அளந்துவிடுங்கள். பெர்ஃப் ஸ்டாட் கட்டளையில் பவர்/எனர்ஜி-பிகேஜி என்ற நிகழ்வைக் கொடுத்து, அதற்குப் பின்னால் உங்கள் வழக்கமான மேக் கட்டளையைப் போடுங்கள். முழு அமைப்பையும் அளக்க 'ஏ' விருப்பம் தேவை. முடிவில் எத்தனை ஜூல், எத்தனை விநாடி என்று இரண்டும் வரும். மேல் எல்லையை 3.4, 2.8, 2.4, 2.0, 1.6 என்று மாற்றி மாற்றி ஓட்டுங்கள். ஒவ்வொரு முறையும் மேக் க்ளீன் செய்ய வேண்டும், பழைய கம்பைல் முடிவுகளைச் சேமித்துவைக்கும் சிகேஷ் இருந்தால் அணைக்க வேண்டும். முதல் ஓட்டத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள், அப்போது கோப்புகள் வட்டிலிருந்து வருகின்றன. அடுத்த ஓட்டங்களில் அவை ரேமில் இருக்கும்.

மேல் எல்லையை மாற்ற: சிபியுபவர் ஃப்ரீக்வென்சி-செட், 'யு' விருப்பம், 2.4 கிகாஹெர்ட்ஸ். சிபியுபவர் இல்லை என்று வந்தால் லினக்ஸ்-டூல்ஸ்-காமன் மட்டும் நிறுவினால் போதாது, ஓடும் கர்னலின் பதிப்புக்கான லினக்ஸ்-டூல்ஸ் தொகுப்பும் வேண்டும். கர்னல் புதுப்பித்த மறுநாள் இது 'காணோம்' என்று சொல்வதற்கும் இதுவே காரணம்.

கோப்பில் நேராக எழுத விரும்பினால்: சிஸ், டிவைசஸ், சிஸ்டம், சிபியு, இன்டெல்_பிஸ்டேட் என்று உள்ளே போனால் மேக்ஸ்_பெர்ஃப்_பிசிடி என்ற கோப்பு. அதில் உச்ச டர்போவின் (அடிப்படை வேகத்துக்கு மேலே தற்காலிகமாக ஏறும் வேகம்) சதவீதத்தை எழுதலாம். 70 என்றால் உங்களுக்கு ஏறக்குறைய 2.4 கிகாஹெர்ட்ஸ். பக்கத்தில் நோ_டர்போ என்ற கோப்பில் 1 எழுதினால் டர்போ முழுதாக அணையும். ஆனால் 8250யு-வின் அடிப்படை வேகம் 1.6 கிகாஹெர்ட்ஸ்தான், டர்போவை அணைத்தால் பாதிக்குமேல் வேகம் போய்விடும். அடிப்படை வேகம் உயர்வாக உள்ள டெஸ்க்டாப் ப்ராசசருக்கு நோ_டர்போ நல்ல குறுக்குவழி, 15 வாட் லேப்டாப் சிப்புக்கு அது மிகை.

சூடோ எக்கோ என்று எழுதி அம்புக்குறியால் கோப்புக்கு அனுப்பினால் 'பெர்மிஷன் டினைடு' வரும். அம்புக்குறியைக் கையாள்வது சூடோ கிடையாது, உங்கள் சாதாரண அனுமதியில் ஓடும் ஷெல். எக்கோவைக் குழாய் வழியாக சூடோ டீ கட்டளைக்கு அனுப்புங்கள்.

மதகு:

நிரந்தரமாக்கும் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். கையால் எழுதிய எதுவும் ரீபூட்டில் போய்விடும். சஸ்பெண்ட் ஆகி எழுந்த பிறகும் சில மெஷின்களில் மாறிவிடும்.

உபுண்டுவில் ஏற்கெனவே பவர்-ப்ரொஃபைல்ஸ்-டீமன் ஓடிக்கொண்டிருக்கிறது. மேல் மூலை மெனுவில் தெரியும் பவர் சேவர், பேலன்ஸ்டு என்பவை அதன் முகம். உங்கள் சிப்பில் அது முக்கியமாகச் செய்வது ஈபிபியை மாற்றுவது. பல பேருக்கு பவர் சேவரை அழுத்துவதே போதும், இதற்குமேல் எதையும் நிறுவ வேண்டியதில்லை. ஆனால் சார்ஜரைக் கழற்றினால் தானாக வேறு ப்ரொஃபைலுக்குத் தாவுவது அதன் வழக்கம் அல்ல. மேல் எல்லையும் அதில் வைக்க முடியாது.

உங்களுக்கு இரண்டும் வேண்டும் என்பதால் டிஎல்பி என்ற மின்சிக்கன நிரல் பொருந்தும். முதலில் சிஸ்டம்சிடிஎல் மூலம் பவர்-ப்ரொஃபைல்ஸ்-டீமனை நிறுத்தி, மீண்டும் தொடங்காதபடி மாஸ்க் செய்துவிடுங்கள். இரண்டும் ஒரே கோப்புகளில் எழுதுபவை. இரண்டையும் ஓடவிட்டால் கடைசியாக எழுதியதே நிற்கும், அது எது என்று ஊகிக்க முடியாது. இதே வேலையைச் செய்யும் ஆட்டோ-சிபியுஃப்ரெக் நிறுவியிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். தெர்மால்டி மட்டும் இருக்கட்டும், அதன் வேலை வெப்பக் காவல்.

பிறகு எட்சி அடைவில் டிஎல்பி.கான்ஃப் கோப்பைத் திறந்து இவற்றை மாற்றுங்கள்:

சிபியு_எனர்ஜி_பெர்ஃப்_பாலிசி_ஆன்_ஏசி = பேலன்ஸ்_பெர்ஃபார்மன்ஸ்
சிபியு_எனர்ஜி_பெர்ஃப்_பாலிசி_ஆன்_பேட் = பேலன்ஸ்_பவர்
சிபியு_மேக்ஸ்_பெர்ஃப்_ஆன்_ஏசி = 100
சிபியு_மேக்ஸ்_பெர்ஃப்_ஆன்_பேட் = 70

பேட்டரிக்கு மட்டும் 70 போட்டு ஏசி வரியை வெறுமையாக விட்டால், சார்ஜர் செருகிய பிறகும் 70-லேயே நிற்கும். டிஎல்பி தனக்குச் சொல்லப்பட்டதை மட்டுமே எழுதும், பழைய நிலையை நினைவில் வைத்துத் திருப்பாது. இரண்டு வரிகளும் கட்டாயம், வரிகளின் முன்னால் உள்ள கட்டக்குறியையும் நீக்க வேண்டும். சேமித்துவிட்டு சூடோ டிஎல்பி ஸ்டார்ட். டிஎல்பி-ஸ்டாட் 'பி' விருப்பத்தோடு ஓட்டினால் என்ன பதிந்தது என்று தெரியும்.

ஈபிபியை நேராக 'பவர்' என்று வைக்காதீர்கள் என்பது என் எண்ணம். அதில் வேகம் ஏறத் தயங்கும். கம்பைல் போன்ற நீண்ட சுமையில் அது தெரியாது, பக்கம் உருட்டும்போதும் மெனு திறக்கும்போதும் கை உணரும். மேல் எல்லை 70, ஈபிபி பேலன்ஸ்_பவர் என்ற சேர்க்கையில் சட்டென்று 2.4-க்கு ஏறும், அதற்குமேல் போகாது. ஃபேனும் அடங்கும்.

வெண்கலம்:

விண்டோஸ் பக்கம். கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், சேஞ்ச் பிளான் செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு, அங்கே ப்ராசசர் பவர் மேனேஜ்மென்ட். 'மேக்ஸிமம் ப்ராசசர் ஸ்டேட்' என்பதை 99 ஆக்குங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். 100-க்கும் 99-க்கும் நடுவே ஒரு சதவீதம் இல்லை, டர்போ முழுவதும் இருக்கிறது. 99 போட்டால் டர்போ அணையும், மேலே சொன்ன அதே 1.6 பிரச்சினை.

உங்களுக்கு வேண்டியது 'மேக்ஸிமம் ப்ராசசர் ஃப்ரீக்வென்சி' என்ற மறைந்திருக்கும் அமைப்பு. நிர்வாகி அனுமதியோடு கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து, பவர்சிஎஃப்ஜி கட்டளையில் செட்டிசிவேல்யூஇன்டெக்ஸ், ஸ்கீம்_கரன்ட், சப்_ப்ராசசர், ப்ராக்ஃப்ரெக்மேக்ஸ், 2400 என்று கொடுங்கள். அலகு மெகாஹெர்ட்ஸ். டிசி என்றால் பேட்டரி, சார்ஜருக்கு ஏசி என்று வரும் இணைக் கட்டளை. 0 கொடுத்தால் வரம்பு நீங்கும். பிறகு செட்ஆக்டிவ் ஸ்கீம்_கரன்ட் கொடுக்க மறக்காதீர்கள், அதுவரை எதுவும் அமலுக்கு வராது.

'ப்ராசசர் பெர்ஃபார்மன்ஸ் பூஸ்ட் மோட்' என்பதையும் பார்க்கலாம். அதை மெனுவில் தெரியவைக்க பவர்சிஎஃப்ஜி ஆட்ரிப்யூட்ஸ், சப்_ப்ராசசர், பெர்ஃப்பூஸ்ட்மோட், கடைசியில் கழித்தல் குறியோடு ஆட்ரிப்_ஹைட். கூட்டல் குறி போட்டால் மறைத்துவிடும். 'டிசேபிள்டு', 'எஃபிஷியன்ட் அக்ரெசிவ்' இரண்டையும் ஓட்டிப் பார்த்து வித்தியாசம் தெரிந்துகொள்ளுங்கள்.

நெய்தல்27:

மிக்க நன்றி. மதகு சொன்னபடி அமைத்தேன், ஃபேன் இரைச்சல் நன்றாகக் குறைந்துவிட்டது. ஆனால் புதுப் பிரச்சினை ஒன்று. சில நேரம் சார்ஜர் செருகியிருக்கும்போது மொத்த மெஷினும் இழுக்கிறது. டர்போஸ்டாட்டில் முழுச் சுமையிலும் பிஸி மெகாஹெர்ட்ஸ் 400-லேயே நிற்கிறது. வெப்பம் 45 டிகிரிதான். டிஎல்பி காரணமா?

கர்னல்காடு:

டிஎல்பி இல்ல. ஆனா அதை முதல்ல உறுதிப்படுத்திக்கோங்க. மேக்ஸ்_பெர்ஃப்_பிசிடி 100-ஆ, ஸ்கேலிங்_மேக்ஸ்_ஃப்ரெக் 3400000-ஆன்னு பாருங்க. ரெண்டும் சரியா இருந்தும் 400-ல நின்னா அது பிடி ப்ராச்ஹாட். மதர்போர்டுல இருக்கிற வேற ஏதோ பாகம் ப்ராசசருக்கு 'உடனே வேகத்தைக் குறை'னு அனுப்புற சிக்னல். ப்ராசசர் குளிர்ச்சியா இருந்தாலும் அது கட்டுப்பட்டுத்தான் ஆகணும். அதனாலதான் 45 டிகிரியிலயும் இழுக்குது.

சார்ஜர் செருகும்போது மட்டும் வருதுன்னா முதல் சந்தேகம் சார்ஜர்தான். பல லேப்டாப்புகள் அடாப்டரோட வாட் அளவைப் படிக்கும். 65 வாட் கேட்கிற மெஷினுக்கு 45 வாட் அடாப்டர் போட்டாலோ, நடு ஊசி வளைஞ்சு அடாப்டரை அடையாளம் காண முடியலைன்னாலோ போர்டு பயந்து வேகத்தை அடிமட்டத்துக்குத் தள்ளிடும். பிழை வர்ற நேரத்துல சார்ஜரைக் கழட்டிப் பாருங்க. உடனே வேகம் திரும்பினா சார்ஜர், கேபிள், ஜாக் மூணுல ஒண்ணு. கழட்டியும் திரும்பலைன்னா முழுசா அணைச்சு, பவர் பொத்தானை அரை நிமிஷம் அழுத்திப் பிடிச்சு மறுபடி ஆன் பண்ணுங்க. அப்புறமும் இருந்தா பேட்டரியையும் வோல்டேஜ் ரெகுலேட்டர் பக்கத்து தெர்மல் பேடையும் பார்க்கணும்.

ப்ராசசரோட உள் பதிவேடான எம்எஸ்ஆர் 0x1எஃப்சி-ல கடைசி பிட்டை 0 ஆக்கினா இந்த சிக்னலை ப்ராசசர் கண்டுக்காதுன்னு தேடினா கிடைக்கும். விண்டோஸ்ல த்ராட்டில்ஸ்டாப்ங்கிற நிரல்ல ஒரே டிக். அடாப்டர் அடையாள ஊசிதான் போச்சுன்னு நிச்சயமாத் தெரியாம அதைச் செய்யாதீங்க. நிஜமாவே ரெகுலேட்டர் கொதிச்சு சிக்னல் வந்திருந்தா, காவலை நீங்களே கழட்டின மாதிரி ஆகும். போர்டே போயிடும்.

ஓம்விதி:

இதே தலைப்பைத் தேடி வரும் ஏஎம்டி ரைசன் காரர்களுக்கு இரண்டு வரி. டிரைவர் வரியில் ஏஎம்டி-பிஸ்டேட்-ஈபிபி என்று இருந்தால் மேலே ஈபிபி பற்றிச் சொன்னது அப்படியே பொருந்தும். கர்னல் 6.5 முதல் ஆதரவுள்ள புதிய சிப்புகளுக்கு இதுவே இயல்பு. புதிய கர்னலிலும் ஏசிபிஐ-சிபியுஃப்ரெக் என்றே காட்டினால் பயாஸில் சிபிபிசி (ப்ராசசர் வேகத்தைக் கர்னல் நுணுக்கமாகக் கேட்க உதவும் வசதி) அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அந்த டிரைவரில் பவர்சேவ் போட்டால் நெய்தல்27 முதலில் எதிர்பார்த்த அடிமட்டப் பூட்டு விழும், அங்கே சுமைக்கேற்ப வேகத்தை மாற்றும் ஷெட்யூடில் கவர்னரைத் தேர்ந்தெடுங்கள்.

அண்டர்வோல்ட், அதாவது அதே வேகத்துக்கு மின்னழுத்தத்தை மட்டும் குறைப்பது பற்றியும் யாராவது கேட்பார்கள். 2019 டிசம்பரில் ப்ளண்டர்வோல்ட் பாதுகாப்பு ஓட்டை வெளியானதும், பல இன்டெல் லேப்டாப்புகளில் பயாஸ் புதுப்பிப்புகள் மின்னழுத்தத்தை மென்பொருள் வழியாக மாற்றும் வாசலைப் பூட்டிவிட்டன. அதற்காகப் பழைய பயாஸுக்குத் திரும்புவதை நான் பரிந்துரைக்க மாட்டேன், மேல் எல்லையைக் குறைத்தாலே மின்னழுத்தமும் தானாக இறங்குகிறது.

நெய்தல்27:

சார்ஜரைக் கழற்றியதும் அதே நொடியில் 2.4-க்கு ஏறியது. அடாப்டரைத் திருப்பிப் பார்த்தேன், 45 வாட் என்று அச்சிட்டிருக்கிறது. லேப்டாப்பின் அடியில் 65 வாட் என்று போட்டிருக்கிறது. சரியான அடாப்டர் வாங்கும்வரை சார்ஜர் செருகியிருக்கும்போதும் 70 சதவீதம் வைத்தால் இந்த 400 வராமல் இருக்குமா?

கர்னல்காடு:

நம்ப முடியாது. போர்டு பார்க்கிறது நீங்க எவ்வளவு இழுக்கிறீங்கன்னு மட்டும் இல்ல, அடாப்டர் தன்னை எத்தனை வாட்னு சொல்லுதுங்கிறதையும்தான். சில மாடல்ல பேட்டரி 100-ஐ எட்டினதும் சார்ஜிங் சுமை குறைஞ்சு சிக்னல் விலகும். அதுவரைக்கும் அணைச்சு வெச்சு சார்ஜ் ஏத்திட்டு, பேட்டரியில வேலை பாருங்க. புது அடாப்டர் வாங்கும்போது வோல்ட் அளவு அதே 19.5-ஆ, 20-ஆன்னு லேப்டாப் அடியில இருக்கிறதோட ஒப்பிட்டு வாங்குங்க. ஆம்பியர் கூட இருந்தா பரவாயில்ல, வோல்ட் மட்டும் மாறக் கூடாது.